தங்கச்சியின் பங்கு

நான் தங்கச்சியின் பங்கைத் தின்றவள். எங்கள் வீட்டில் அப்படித்தான் சொன்னார்கள்.

நாங்கள் இரட்டைப் பிள்ளைகள். நான் முதலில் வந்தேன், கொழுகொழு என்று. கொஞ்ச நேரம் கழித்து அவள் வந்தாள். ஒரு கைக்குள் அடங்கினாளாம். அம்மா பார்த்துவிட்டு, "மூத்தது இளையதின்ர பங்கையும் திண்டிட்டு வந்திருக்கு" என்றாராம். பகிடிக்குத்தான் சொல்லியிருப்பார். ஆனால் அந்தக் கதை எங்களோடு சேர்ந்து வளர்ந்தது. அவளுக்கு மூச்சு இழுப்பு வந்தால் எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். நான் இன்னொரு தோசை கேட்டால், "இன்னும் பத்தேல்லையோ உனக்கு?" என்பார்கள். தங்கச்சியும் அதைப் பிடித்துக்கொண்டாள். சண்டை வந்தால் கையை நீட்டுவாள்.

"என்ர பங்கைத் தாடி."

தோசையில் பாதி கொடுப்பேன். தின்றுவிட்டு, "இது காணாது" என்பாள்.

இப்போது அவள் தமிழ்நாட்டில் ஒரு அகதி முகாமில் இருக்கிறாள். நான் உருத்திரபுரத்தில் இருக்கிறேன். பதினைந்து வயதில் பிரிந்தோம். அவள் திரும்பி வரவேண்டும் என்பதைத் தவிர நான் பெரிதாக ஒன்றும் ஆசைப்பட்டதில்லை.

பிரிந்தது இப்படி. சண்டையால் பாதை பூட்டிய காலம். இழுப்புக்கு மருந்து இல்லை. இரவிரவாக அவள் குந்தியிருந்து மூச்சு வாங்குவாள். சின்னம்மா குடும்பம் மன்னாரால் படகில் போக ஆயத்தமானது. ஒரு ஆளுக்கு இடம் இருந்தது. ஐயா அவளை ஏற்றிவிட்டார். கொஞ்ச நாளைக்கு என்றுதான் சொன்னார்கள். நான் ஊரில் நின்றேன். நான் பலமானவள். வயலுக்கு ஆள் வேண்டும். ஏற்கெனவே ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டிருந்தேன். அவள் எட்டு வரை படித்தாள், நோஞ்சானுக்கு வயல் வேலை சரிவராது என்று.

பிறகு ஐயா செத்துப்போனார். நாங்களும் ஊர் ஊராகப் போய்த் திரும்பி வந்தோம். அம்மா ஊருக்கு வந்து இரண்டு வருடம் இருந்துவிட்டுப் போனார். தங்கச்சி செத்தவீட்டுக்கு வரவில்லை. வர வழியில்லை.

இப்போது போனில் முகம் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் எடுப்பாள். அவள் நிரம்பிவிட்டாள், கன்னம் வைத்துவிட்டது. நான் காய்ந்துபோனேன். இரட்டை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

"என்னடி பண்றே?"

"பண்றேயோ? நல்லா ஒட்டிட்டுது உனக்கு அங்கத்தையான் கதை."

"இத்தன வருசம் ஒட்டாம இருக்குமா?"

"இருக்குமா எண்டும் கேக்கிறாள்."

சிரிப்போம். பிறகு நான் கேட்பேன், எப்போதும் கேட்பதுதான்.

"வாவன்."

"வந்து? எனக்குன்னு அங்க என்ன மிச்சம் இருக்கு? எல்லாம் நீதானே தின்னே."

அப்போதும் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். போனை வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போவேன்.

ஊருக்குத் திரும்பிய பிறகு எனக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. ஆய்வுகூடத் தொழிலாளி. மேசை துடைப்பது, சோதனைக் குழாய் கழுவுவது, சின்னதைப் பெரிதாக்கிக் காட்டுகிற நுணுக்குக்காட்டியைத் தூசி தட்டித் துணியால் மூடுவது. ஆறு வருடம் அந்த நுணுக்குக்காட்டிகளைத் துடைத்தேன். ஒருநாளும் உள்ளே பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

போன வருடம் புதிதாக ஒரு ரீச்சர் வந்தார். உயிரியல் படிப்பிப்பவர். சின்னப் பிள்ளை, என் மகனின் வயது இருக்கும். வெங்காய வேரில் கலப்பிரிவு காட்டவேண்டும் என்றார். கலம் என்பது உடம்பு கட்டப்பட்டிருக்கிற சின்னச் சின்ன அறை. கண்ணுக்குத் தெரியாது. எனக்கும் தெரியும், எங்கள் உடம்பெல்லாம் அதுதான், மரமும் அதுதான். அவ்வளவுதான் தெரியும்.

கிளாசில் தண்ணீர் நிரப்பி, வெங்காயத்தின் அடி மட்டும் தண்ணீரைத் தொட வைக்கவேண்டும். என் வீட்டு வெங்காயமே கொண்டுபோனேன். சின்ன வெங்காயம், முளைக்க நிற்கிற பழைய காய். நாலு நாளில் வேர் வெள்ளையாக இறங்கியது. பார்க்க வடிவாக இருந்தது. எனக்குப் பெருமை.

வகுப்புக்கு முந்தின நாள் பின்னேரம் ரீச்சர் சொன்னார், "அக்கா, நாளைக்கு முதல் பாடம். எல்லாத்தையும் சுத்தமாக்கி வையுங்கோ."

வேர்கள் நீண்டு கிளாசின் அடியில் மடங்கிக் கிடந்தன. நாங்கள் மிளகாய்க் கன்று நடும்போது நீண்ட வேரின் நுனியை நகத்தால் கிள்ளிவிட்டுத்தான் நடுவோம். மடங்கின வேரோடு நட்டால் கன்று ஏங்கிப்போகும். கிள்ளினால் பக்கத்தால் புது வேர் வெடிக்கும். இது ஊரில் எல்லாருக்கும் தெரிந்த காரியம். கை பழகியது. இருபது வெங்காயத்தையும் எடுத்து ஒரே அளவாகக் கிள்ளி, தண்ணீர் மாற்றி, வரிசையாக வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் பிள்ளைகள் வேர் முனையை வெட்டி, அமிலத்தில் சூடு காட்டி, சிவப்புச் சாயம் போட்டு, கண்ணாடித் தகட்டில் வைத்து மேலே மெல்லிய கண்ணாடி மூடிப் பெருவிரலால் நசுக்கினார்கள். பிறகு ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்கள். நான் பின்னால் வாளியோடு நின்றேன்.

"ரீச்சர், என்ர வெங்காயம் நித்திரை."

"உன்னை மாதிரித்தான் இருக்கும்."

"எனக்கும் ஒண்டும் பிரியேல்லை ரீச்சர். எல்லாம் அறை அறையா நீட்டுக்குக் கிடக்கு."

"டேய், இது வெங்காயமோ இல்லாட்டி வைக்கலோ?"

ரீச்சர் ஒவ்வொரு மேசையாகப் போய்ப் பார்த்தார். ஒன்றிலும் இல்லை. முகம் வாடிவிட்டது. புத்தகத்தைப் புரட்டினார். சாயத்தை மோந்து பார்த்தார். கடைசியில் மிச்சமாக இருந்த ஒரு வெங்காயத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"அக்கா, இந்த வேரின்ர நுனி எங்கை?"

"கிள்ளிப்போட்டன் ரீச்சர்."

"ஏன்?"

"மடங்கிக் கிடந்தது. மிளகாய்க் கன்றுக்கும் கிள்ளுறதுதானே."

வகுப்பு முழுக்கச் சிரித்தது. ஒரு பெட்டை, "அன்ரி வெங்காயத்தை நடப் பாத்திருக்கிறா" என்றாள். ரீச்சரும் சிரித்துவிட்டார். நான் வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போகப் பார்த்தேன்.

"நில்லுங்கோ அக்கா. நீங்கள் கிள்ளினதாலைதான் இண்டைக்கு இவையளுக்கு ஒரு பாடம்." பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "வேர் எதாலை வளருது? ஆராவது சொல்லுங்கோ."

ஒருவன், "அடியாலை. தலைமயிர் மாதிரி" என்றான். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

இல்லையாம். வேர் நுனியால் வளர்கிறது. நுனியில் ஒரு தொப்பி இருக்கிறது, மண்ணில் உரஞ்சிப் புண்படாமல். தொப்பிக்குப் பின்னால், ஒரு அரிசியின் பாதி நீளம்கூட வராத இடம். அங்கேதான் கலங்கள் பிரிந்துகொண்டே இருக்கும். அதற்கு மேலே இருப்பவை பிரிந்து முடித்துவிட்டு நீண்டு, தண்ணீர் காவுகிற வேலைக்குப் போனவை. நான் அந்த அரை அரிசியைத்தான் இருபது வெங்காயத்திலும் கிள்ளி எறிந்திருக்கிறேன்.

அந்தக் கிழமையே திரும்ப வெங்காயம் வைத்தேன். கிள்ளவில்லை. காலையிலேயே வெட்டினால் நல்லது என்று ரீச்சர் சொன்னார். முதல் மணி அடிக்க முன்னம் வெட்டிக் கொடுத்தேன். இந்த முறை பிள்ளைகள் கத்தத் தொடங்கிவிட்டார்கள்.

"எனக்கு ரெண்டு!"

"எனக்கு நடுவிலை வரிசையா நிக்குது!"

"தள்ளடா, நான் பாக்க."

ரீச்சர் ஒரு நுணுக்குக்காட்டியைச் சரிப்பண்ணிவிட்டு, "அக்கா, நீங்களும் ஒருக்கால் பாருங்கோ" என்றார்.

கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு குனிந்தேன். முதலில் என் கண் இமைதான் தெரிந்தது. பிறகு வெளிச்சம். பிறகு செங்கல் அடுக்கியது போல அறைகள். கனக்க அறைகளில் நடுவில் ஒரு சிவப்புப் பொட்டு. அது அந்தக் கலத்தின் கருவாம். சிலவற்றில் பொட்டு இல்லை. பொட்டுக்குப் பதிலாக நூல் துண்டுகள். ஒன்றில் சிக்குப்பட்ட நூல் மாதிரி. ஒன்றில் நூல்கள் கட்டையாகத் தடித்து நடுவில் வரிசைக்கு நின்றன. ஒன்றில் இரண்டு பக்கமும் இழுபட்டுப் போயிருந்தன, நடு வெறுமையாக.

"அந்த நூல்தான் நிறமூர்த்தம்" என்றார் ரீச்சர். "அந்தக் கலம் எப்பிடி இருக்கவேணும், என்ன செய்யவேணும், எல்லாம் அதிலைதான் எழுதியிருக்கு. வெங்காயத்துக்குப் பதினாறு. எங்களுக்கு நாற்பத்தாறு."

"பதினாறை ரெண்டாப் பிரிச்சா எட்டு எட்டோ?" நான் கேட்டேன். வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. காணி பிரிக்கிற மாதிரித்தான் நினைத்தேன். ரெண்டு ஏக்கரை இரண்டு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஒரு ஏக்கர். யாருக்கும் முழுசு இல்லை.

பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். ரீச்சர் கரும்பலகைக்குப் போனார்.

"இவையளிலையும் பாதிப் பேர் சோதினையிலை அப்பிடித்தான் எழுதுவினம் அக்கா. அது பிழை. பிரியிறதுக்கு முதல் கலம் ஒரு வேலை செய்யும். பதினாறு நூலையும் அப்பிடியே பாத்து இன்னொருக்கால் எழுதும். ஒவ்வொரு நூலும் ரெட்டை நூலா ஒட்டிக்கொண்டு நிக்கும். பிறகுதான் நடுவிலை வரிசைக்கு வரும். ரெட்டையிலை ஒண்டு இந்தப் பக்கம், மற்றது அந்தப் பக்கம். அப்ப இஞ்சையும் பதினாறு, அங்கையும் பதினாறு. ஒராளுக்கும் குறையாது."

பிறகு சுவரைப் பற்றிச் சொன்னார். எங்கள் உடம்பில் கலம் நடுவில் இறுகி, இடுப்பு ஒடுங்கி, இரண்டாகப் போகும். வெங்காயத்தில் அப்படி இல்லை. நடுவில் ஒரு சுவர் எழும்பும், உள்ளிருந்து வெளியே. இரண்டும் அந்தச் சுவரின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டே இருக்கும். சாகும்வரை பக்கத்துப் பக்கத்து அறை.

நான் வெளியே போய் வாளியைக் கழுவினேன்.

பாடம் முடிந்து பிள்ளைகள் போன பிறகு ரீச்சரிடம் கேட்டேன். "ரீச்சர், ரெட்டைப் பிள்ளையளும் இப்பிடியோ?"

"முகம் ஒரே மாதிரியோ?"

"சின்னனிலை முகத்தை மட்டும் பாத்தா அம்மாவே மாறிக் கூப்பிடுவா."

"அப்ப ஓம். ஒரு கலத்திலைதான் எல்லாரும் தொடங்கிறது. அது ரெண்டாகி, நாலாகி, எட்டாகி ஒரு சின்னக் கட்டியா இருக்கேக்கை, சில வேளை அந்தக் கட்டி ரெண்டாப் போயிடும். ரெண்டும் தனித்தனிப் பிள்ளை. நூல் ஒண்டும் குறையாது, ரெண்டு பேருக்கும் முழுசு."

"அப்ப ஒருத்தி கொழுத்து, ஒருத்தி நோஞ்சானாப் பிறக்கிறது?"

அவர் கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"அது தொப்புள்கொடியின்ர வேலை அக்கா. தாயிட்டையிருந்து சத்து கொடியாலை வருது. ஒரு பக்கம் கூடப் போகும், மற்றப் பக்கம் குறையப் போகும். கூட வந்த பிள்ளை கேட்டு வாங்கினதில்லை. அதுக்கு என்ன தெரியும்?"

அன்று சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது வாய்க்கால் கரையில் இறங்கி உருட்டிக்கொண்டு நடந்தேன்.

ஞாயிறு வந்தது. தங்கச்சி எடுத்தாள். அவள் பின்னால் ஒரு தகரச் சுவர், யாரோ சட்டி கழுவுகிற சத்தம்.

"என்னடி, முகம் ஒரு மாதிரி?"

"உனக்கு ஒரு கதை சொல்லவேணும்."

சொன்னேன். வெங்காயம் வைத்தது, நுனி கிள்ளினது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐயோ அக்கா, உன்னை வேலைக்கு வைச்ச பள்ளிக்கூடம் உருப்பட்டமாதிரித்தான்." பிறகு நூலைச் சொன்னேன். பதினாறு இரட்டிப்பதைச் சொன்னேன். கட்டி இரண்டாகப் போவதைச் சொன்னேன். எனக்கு ரீச்சர் மாதிரிச் சொல்ல வராது. எனக்கு வந்தமாதிரிச் சொன்னேன்.

"அப்ப ரெண்டு பேருக்கும் முழுசு. உன்ர பங்கை நான் திங்கேல்லை."

அவள் சிரிப்பை நிறுத்தினாள்.

"அப்ப நான் ஏன்டி ஒரு கைக்குள்ள அடங்கினேன்?"

கொடியைச் சொன்னேன். அதை மறைத்திருக்கலாம். ரீச்சர் மறைக்கவில்லை. நானும் மறைக்கவில்லை.

"அப்ப உனக்குக் கூடத்தான் வந்திருக்கு."

"ஓம். கூடத்தான் வந்தது. நான் எடுக்கேல்லை."

சட்டி கழுவுகிற சத்தம் நின்றது. அவள் போனை எங்கோ எடுத்துக்கொண்டு நடந்தாள். மரக்கிளை தெரிந்தது, வானம் தெரிந்தது. பிறகு திரும்ப முகம். அவள் கதைக்கிற விதம் மாறியிருந்தது. பழைய கதை. எங்கள் வீட்டுக் கதை.

"பங்கு எண்டு நான் சாப்பாட்டுக்குச் சொன்னதெண்டே இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருக்கிறாய்?"

"பின்னை?"

"என்னைப் படகுக்குக் கூட்டிக்கொண்டு போகேக்கை நீ எங்கை நிண்டனி?"

"குசினிக்குள்ளை."

"ஏன் வெளியிலை வரேல்லை? ஐயா உன்னைக் கூப்பிட்டவர். எனக்குக் கேட்டது. நான் படலையடியிலை நிண்டு பாத்தனான். நீ வரேல்லை. சனியன் போகட்டும் எண்டு நிக்கிறாள் எண்டு நினைச்சன். இனி முழுத் தோசையும் அவளுக்குத்தான் எண்டு நினைச்சன்."

அது எனக்குத் தெரியாது. ஒரு முழு ஆயுள் போய்விட்டது. அவள் வாசல் படலையடியில் நின்றது எனக்குத் தெரியாது.

"வந்தா அழுவன். நான் அழுதா நீ போகமாட்டாய். போகாட்டி உனக்கு மருந்தில்லை. அதுதான் அடுப்பை ஊதிக்கொண்டு நிண்டனான்."

"சொல்லியிருக்கலாமே."

"ஆரும் கேக்கேல்லை."

"நீ ஒரு கல்லு."

"ஓம்."

அவள் அழுதாளா என்று தெரியவில்லை. படம் நின்று நின்று வந்தது. பிறகு அறுந்துவிட்டது. நான் திரும்ப எடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு அவள் எடுக்கவில்லை. அதற்கு அடுத்ததும் இல்லை. மூன்றாம் கிழமை ஒரு குரல் பதிவு வந்தது. மாட்டுப்பட்டியில் நின்று கேட்டேன். ஒரு கையில் போன், மறு கையில் கயிறு.

"அக்கா. ஊருக்கு வாறதெண்டா பதியிறதுக்குப் பிறப்பத்தாட்சிப் பத்திரம் கேக்கினம். என்னட்டை ஒண்டும் இல்லை. எடுக்கலாமோ எண்டு பார்."

மறுநாள் லீவு போட்டுக்கொண்டு செயலகத்துக்குப் போனேன். வீட்டிலிருந்த பத்திரங்கள் இடம்பெயர்வில் போய்விட்டன. பதிவுப் புத்தகம் இருக்குமோ என்று பயம். இருந்தது. எழுதுவினைஞர் பழைய புத்தகத்தைப் புரட்டி, விரலை வைத்து, கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

"இது ஒரே பிள்ளையை ரெண்டு தரம் பதிஞ்சிருக்கினம் போல. ஒரே நாள், ஒரே தாய், ஒரே தகப்பன்."

"இல்லை ஐயா. ரெண்டு பேர்."

"ரெட்டையோ?"

"ஓம்."

"எதுக்குப் பத்திரம் வேணும்? மேலை உள்ளதுக்கோ, கீழை உள்ளதுக்கோ?"

"கீழை உள்ளதுக்கு. மேலை உள்ளது நான்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "மற்றவா எங்கை?"

"அக்கரையிலை. வரப்போறா."

அந்தச் சொல்லை நான் வேறு ஒருவருக்குச் சொன்னது அதுதான் முதல் தரம். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. அவள் பத்திரம் கேட்டாளே தவிர வாறன் என்று சொல்லவில்லை.

பத்திரம் கிடைத்ததும் படம் எடுத்து அனுப்பினேன். அசலைத் தபாலில் போட்டேன். அன்றைக்கு ஞாயிறு இல்லை. ஆனாலும் எடுத்தாள்.

"கிடைச்சுது."

"ம்."

"வந்தா நான் எங்கை படுக்கிறது?"

"அறை கிடக்கு. மகன் கொழும்பிலை, வாறேல்லை."

"தனியவோ?"

"ஏன், பயமோ?"

"இழுப்பு இன்னும் இருக்கு. இரவிலை எழும்பி இருப்பன். உனக்கு நித்திரை கெடும்."

"கெடட்டும்."

முகாமில் பெயர் பதிந்துவிட்டாளாம். முறை வரக் கன நாள் செல்லும் என்கிறாள். அவளுடைய மகள் அங்கேயே படிக்க வேண்டும் என்கிறாள், அவளை என்ன செய்வது என்று தெரியவில்லை. ஒரு பிள்ளையை விட்டுவிட்டு வா என்று நான் எப்படிச் சொல்வது? சொல்லக்கூடிய ஆள் நான் இல்லை.

ஆனால் மகனின் அறையிலிருந்த நெல் மூட்டைகளை எடுத்து வெளி விறாந்தையில் அடுக்கிவிட்டேன். என் மனுசன், எலி வரும் என்று பேசுகிறார். பேசட்டும்.